மழைக்கு நிற்காத பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். நானும் பிலோமினா அக்காவும் வேலை செய்த முதியோர் இல்லத்தின் அலுவலக அறையில், காலைத் தேநீருக்குச் சற்று முன்னால். தொலைபேசியில் அவருடைய கணவர் சேவியர் அண்ணர். "கமலா, பிலோ போயிட்டா" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்கப் போனேன். அன்று அக்காவுக்கு விடுமுறை. பிறகுதான் அவர் குரல் என் காதில் சரியாக விழுந்தது. அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாக வைத்தியர்கள் சொன்னார்கள்.

ஆக்லாந்துத் தமிழர்களான உங்களில் பலருக்கு அந்தச் செய்தியைச் சொன்னவள் நான். ஆகவே உங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தும் உரிமை எனக்கு உண்டு. நீங்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "சைக்கிளிலயோ?" என்றார்கள் யாழ்ப்பாணத்தார். "சைக்கிள்லயா?" என்றார்கள் என் ஊர்க்காரர்களும் தமிழ்நாட்டாரும். இல்லை, வீட்டில், அடுப்படியில் என்று நான் சொன்னதும் உங்கள் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் தட்டுப்பட்டது. இத்தனை வருடம் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியதற்கு ஒரு லாரியாவது வந்து இடித்திருக்க வேண்டாமா? ஒருவர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "எண்டாலும் அந்தக் குளிருக்குள்ள ஓடித் திரிஞ்சதுதான் காரணமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.

அவரை அறியாத யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பிலோமினா அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பக்குரங்காவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒல்லி உடம்பு, சுருட்டி முடிந்த நரைத்த தலை, யாரையும் நேராகப் பார்க்கும் கண். கராஜ் சேலில் பழசாக வாங்கிய ஒரு லேடீஸ் சைக்கிள், முன்னால் பிரம்புக் கூடையோடு. அதில்தான் வேலைக்கு, அதில்தான் கடைக்கு, அதில்தான் கோவிலுக்கு. ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது கழுத்துச் சால்வையால் காதை மூடிக்கட்டி அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். நான் ஈப்போவில் பிறந்தவள். அவர் பேசும் தமிழ் எனக்கும், நான் பேசும் தமிழ் அவருக்கும் பழக ஒரு வருடம் பிடித்தது. பழகிய பிறகு, இந்த ஊரில் நான் மனம்விட்டுச் சிரித்ததெல்லாம் அவரோடுதான்.

சைக்கிள் உங்களுக்கு ஏன் அவ்வளவு அவமானமாக இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உங்களில் முக்கால்வாசிப் பேர் ஊரில் டியூஷனுக்கும், கோவிலுக்கும், பெண் பார்க்கவும் சைக்கிளில் போனவர்கள். நீங்களே எத்தனையோ விருந்துகளில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கிய கையோடு அந்தக் கால்கள் உங்களுக்கு மறந்துபோயின. கடன் வாங்கி ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கினீர்கள். மறுநாளே சைக்கிளில் போகும் பெண்ணைப் பார்த்து, "பாவம், வசதி இல்லை" என்று சொல்லத் தொடங்கினீர்கள். அக்காவின் வீட்டில் கார் இருந்தது. சேவியர் அண்ணர் சனிக்கிழமை தோறும் கழுவித் துடைத்து வைக்கும் கொரோலா. அந்தக் கார் அவருக்கு ஏன் உதவவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "பாவம்" என்றீர்கள்.

அதற்குக் காரணம் றெஜினா. அக்காவின் ஒரே மகள். பள்ளிக்கூட வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள், இங்கேயே படித்து, வேலைக்குப் போய், ஒரு சமோவா இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பேருந்து ஓட்டுபவன். பாட்டில் கெட்டிக்காரன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். கட்டுவதானால் நம் வேதத்தில் கட்ட வேண்டும் என்று மேடை போட்டுப் பேசிய நீங்கள் அன்று என்ன செய்தீர்கள்? துக்கம் விசாரிப்பதுபோல வரிசையில் சேவியர் அண்ணர் வீட்டுக்கு வந்தீர்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தி, "பெடியன் ஆர் ஆக்கள்?" என்று கேட்டார். சமோவாவில் பிறந்தவனிடம் யாழ்ப்பாணத்துச் சாதியைத் தேடினார். சேவியர் அண்ணர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் பதில் சொன்னார். "நல்ல ஆக்கள். எங்கட ஆக்களை விட நல்ல ஆக்கள். இன்னும் ஒரு ரோல்ஸ் எடுங்கோ." பெரியவர் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேவியர் அண்ணர் மகளோடு பேச்சை நிறுத்தினார். தன் காரில் ஏறி யாரும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். றெஜினா இருந்தது கிளென்ஃபீல்டில், துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். துறைமுகப் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தை நம்பினால் போய்ச் சேர்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். ஆகவே அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஞாயிறுப் பூசைக்கு ஈடாகச் சனி மாலைப் பூசையை முடித்துக்கொண்டார். ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டு, பன்மியூர் பாலத்தைக் கடந்து, ஏற்றமும் இறக்கமுமாக நகரம் வரை மிதித்தார். அங்கே சைக்கிளோடு ஃபெரிப் படகில் ஏறி டெவன்போர்ட்டில் இறங்கி, மறுபடி மிதித்து மகள் வீட்டு வாசலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கினார். பின்னேரம் அதே வழியில் திரும்பினார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவரைக் காணவில்லை என்றதும், "பிலோவுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று நீங்கள் கதைத்தது அவர் காதுக்கும் வந்தது. அதற்கு அவர் சிரித்தார்.

கோடையில் இது ஒரு பெரிய விஷயமில்லை என்று அவரே சொல்வார். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம். மே மாதம் குளிர்காலம் வந்ததும்தான் கதை மாறும். காலை ஏழு மணிக்கும் இருட்டு. பின்னேரம் ஐந்தரைக்கு மறுபடி இருட்டு. இடையில் இருப்பதற்குப் பெயர் பகல். அந்தப் பகலிலும் ஆக்லாந்து மழை மேலிருந்து பெய்கிற சாதாரண மழை இல்லை. பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். முதல் குளிர்காலத்தில் நான் அவரிடம், "ஏன்க்கா, ரெண்டு மாசம் விட்டுட்டு வெயில் வந்ததும் போகலாமே? றெஜினா புரிஞ்சுக்க மாட்டாளா?" என்று கேட்டேன். இல்லத்தின் துணி துவைக்கும் அறையில், நனைந்த சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் மழைக்கு நிண்டனெண்டு அவளுக்குத் தெரியாது கமலா. தகப்பனுக்கு நிண்டனெண்டுதான் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு ஞாயிறு அவர் போகாவிட்டால் அம்மாவும் அப்பாவின் பக்கம் போய்விட்டாள் என்று மகள் நினைப்பாள். இரண்டு ஞாயிறு போகாவிட்டால் அது உண்மையாகிவிடும். மழை, இருட்டு, முழங்கால் வலி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து மறு தட்டில் இதை வைத்தவருக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை.

நான் கார் ஓட்டுவேன். எங்கள் வீட்டிலும் கார் இருந்தது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது. மரியாதை கொஞ்சம் குறைவாகவே இருந்தது. "நீர் முதல் ஞாயிறு வருவீர். ரெண்டாம் ஞாயிறு உம்மட வீட்டை விருந்தாளி வருவினம். மூண்டாம் ஞாயிறு நான் வெளிக்கிட்டு வாசலில நிண்டு றோட்டைப் பாத்துக்கொண்டிருப்பன். வேண்டாம். இந்தக் கால் எனக்குப் பொய் சொல்லாது" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். இரண்டாம் ஞாயிறு கோலாலம்பூரிலிருந்து என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அதன்பிறகு கோபப்படவில்லை.

லிஃப்ட் என்கிற சொல்லை நாம் இந்த ஊரில் என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று யாராவது எழுத வேண்டும். வெள்ளைக்காரன் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால் இறக்கிவிட்டதும் மறந்துவிடுவான். நம்மவர் ஏற்றிக்கொண்டால் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். அவர்கள் புறப்படும்போது புறப்பட வேண்டும். அவர்கள் கதைத்து முடியும்வரை கையில் பையோடு நிற்க வேண்டும். பின் சீட்டில் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு, வீட்டில் என்ன சமைத்தாய், மகள் என்ன செய்கிறாள், மனுசன் இன்னும் கோபமா என்ற விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பத்துப் பேர் நடுவில், "போன மாரி முழுக்க நாங்கள்தானே ஏத்தி இறக்கினது" என்று அவர்கள் சொல்லும்போது புன்னகை செய்ய வேண்டும். அக்கா வந்த புதிதில் இதையெல்லாம் அனுபவித்தவர். "காசு குடுத்து டாக்சியில போனால் இறங்கேக்க கணக்கு முடிஞ்சுடும். இவையின்ர காரில ஏறினால் இறங்கவே ஏலாது" என்பார்.

இனி நம் சைக்கிள் மன்றத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவருக்கு இருதயத்தில் அடைப்பு என்று வைத்தியர் சொன்னதும் ஊரே பயந்து உடற்பயிற்சிக்குத் திரும்பிய வருடம் அது. தனித்தனியாகச் சைக்கிளில் ஏறி மிதித்தால் போதும் என்று நமக்கு யாருக்கும் தோன்றவில்லை. முதலில் ஒரு கூட்டம். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர். பிறகு யாப்பு என்கிற சட்டதிட்டம். யாப்பின் மூன்றாம் பிரிவைப் பற்றி இரண்டு கூட்டம் சண்டை. பிறகு மஞ்சள் நிறத்தில் டீ ஷர்ட். ஜனவரி வெயிலில் தொடக்க விழா. தலைவர் ரிப்பன் வெட்டினார். எல்லோரும் பூங்காவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மிதித்துப் போனார்கள். அங்கே பட்டீசும் வடையும் காத்திருந்தன. சாப்பிட்டுவிட்டு சைக்கிள்களைக் கார்களின் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த மன்றத்தில் அக்காவைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் படவில்லை. அவர் சைக்கிள் ஓட்டுகிறவர். இது சைக்கிள் மன்றம்.

மார்ச் மாதம் கோடை முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைத்ததும் மன்றத்தில் ஆட்கள் குறைந்தார்கள். மே மாதம் ஒருவரும் இல்லை. மன்றத்துக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் என்ன செய்வோம்? கூட்டம் போடுவோம். "குளிர்காலத்தில் ஊக்கத்தைப் பேணுவது எப்படி?" என்பது தலைப்பு. பக்குரங்காவில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். நல்ல மழை. வாகனத் தரிப்பிடம் நிறைந்து, புல்லிலும் கார்களை ஏற்றி விட்டிருந்தார்கள். நான் என் கணவரோடு போனேன். அக்கா வேலை முடிந்து அந்த வழியாகப் போகிறவர், வெளிச்சத்தைப் பார்த்து, மழை கொஞ்சம் விடட்டும் என்று உள்ளே வந்தார். உள்ளே வந்தவரிடம் வாசலில் இருந்த செயலாளர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாகக் கேட்டது. "அக்கா, காப்பெற் நனையுது, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ."

தலைவர் வைத்தியர். அவரைக் குறை சொல்லக் கூடாது, நிறையத் தயார் செய்திருந்தார். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் ஒவ்வொரு தாளாக வைத்தார். இலக்கை நிர்ணயியுங்கள். நண்பர் ஒருவரோடு சேர்ந்து செல்லுங்கள். உங்களுக்கு நீங்களே பரிசு கொடுங்கள். மனக்கண்ணில் வசந்தத்தைக் காணுங்கள். சபை தலையாட்டியது. சிலர் குறிப்பெடுத்தார்கள். தாள்கள் முடிந்ததும் தலைவர் சுவரோரம் சொட்டச் சொட்ட நின்றவரைக் கண்டார். "எங்கட பிலோ அக்கா மாரியிலயும் ஓடுறவ. அக்கா, நீங்கள் எப்பிடி மோட்டிவேஷனை வச்சிருக்கிறியள்? ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்றார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி" என்று தொடங்கினார். "நீங்கள் எல்லாரும் விருப்பம் வருமட்டும் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறியள். எனக்கு ஒருநாளும் விருப்பம் வாறதில்லை. காலமை எழும்பேக்க வெறுப்பாத்தான் இருக்கு. ஜன்னலால எட்டிப் பாக்கிறதில்லை. பாத்தால் நிண்டுடுவன். உடுப்பை முதல் நாளே எடுத்து வச்சிடுவன். சப்பாத்து நனையாமல் காலில அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு, அந்த வெறுப்போடயே வெளிக்கிடுறன். முதல் பத்து நிமிஷம் கஷ்டம். அதுக்குப் பிறகும் கஷ்டம்தான், ஆனால் அதுக்குள்ள பாதித் தூரம் போயிருப்பன்."

சபை சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்தார்கள். முன் வரிசையில் ஒருவர், "வெறுப்பு ஆரில அக்கா?" என்று உற்சாகமாகக் கேட்டார். அக்கா அந்த மண்டபத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகப் பார்த்தார். "கனபேர் இருக்கினம்" என்றார். அதற்கும் சிரித்தீர்கள். கை தட்டினீர்கள். பிறகு சூடான சூப் கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். நீங்கள் கார்களைப் புல்லிலிருந்து எடுக்கச் சேற்றில் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த மன்றம் குளிர்காலத்தில் கூடியதாக எனக்கு நினைவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதை உங்களில் சிலர் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். லிஃப்ட் தர நின்ற மனிதரை அக்கா அவமதித்தார், அவ்வளவு திமிர் என்று. நடந்தது இதுதான். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் பெரும் புயல் மழை. பன்மியூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் காற்றுக்கு மிதிக்க முடியாமல் அக்கா இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது. நமது தலைவர் குடும்பத்தோடு பூசைக்குப் போகிறார். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்குகிறது. "அக்கா, என்ன இது? ஏறுங்கோ, நான் விடுறன்" என்கிறார். "கிளென்ஃபீல்டுக்கு விடுவியளோ?" என்று கேட்கிறார் அக்கா. காருக்குள் மனைவி ஏதோ சொல்கிறார். "இல்லையக்கா, சேவியர் அண்ணர் என்ன நினைப்பார்... கோயிலடியில எண்டால் விடலாம்." அக்கா சொன்னது: "கோயிலடிக்குப் போறவையிட்ட நான் வழி கேக்கேல்லைத் தம்பி. கண்ணாடியை ஏத்தும், பிள்ளையள் நனையுதுகள்."

கண்ணாடி ஏறியது. கார் போனது. அன்றைய ஃபெரி ஆட்டத்தில் வாந்தி எடுத்து, தலை முதல் கால்வரை நனைந்து அவர் கிளென்ஃபீல்டில் இறங்கியபோது பின்னேரம் ஆகிவிட்டது. றெஜினா வாசலிலேயே நின்றிருந்தாள். நிறைமாதம். அன்று அம்மா வரமாட்டாள் என்று மருமகன் சொல்ல, வருவாள் என்று இவள் சொல்ல, இருவருக்கும் சண்டை. சோற்றை மூடி வைத்துவிட்டு, சாப்பிடாமல் நின்றிருக்கிறாள். திங்கட்கிழமை இதை என்னிடம் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் முதல் முறையாக உடைந்தது. "சாப்பிடேல்ல கமலா. வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு எனக்காகப் பாத்துக்கொண்டு நிண்டவள். அவையின்ர கோயிலடியில இறங்கியிருந்தால் நான் என்னத்தைக் கும்பிட்டிருப்பன்?"

சேவியர் அண்ணரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை அவரும் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மனைவி ஞாயிறு எங்கே போகிறார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்ததாகிவிடும். ஆனால் குளிர்காலத்து ஞாயிறுகளில் இருட்டியதும் வீட்டு வாசல் விளக்கைப் போட்டு வைப்பார். ஏன் என்று கேட்டால், "கள்ளர் வருவாங்கள்" என்பாராம். "இஞ்ச ஆர் கள்ளர் வாறது? நான்தான் வாறன்" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விளக்கைப் போடுகிற அளவுக்கு மனம் இருந்தும், கார் சாவியை எடுக்கிற அளவுக்குத் தைரியம் இல்லாத ஆண்பிள்ளையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்கா அவரை விட்டுக்கொடுத்ததில்லை. "அந்தாளுக்கு இவையின்ர வாயளுக்குத்தான் பயம். என்னில கோபம் இல்லை" என்பார். அந்த வாய்கள் உங்களுடையவை.

இறுதிச் சடங்குக்கு எத்தனை கார்கள் வந்தன! நல்ல வெயில் நாள் வேறு. றெஜினா கணவனோடும், நடக்கப் பழகிய மகனோடும் முன் வரிசையில் இருந்தாள். அவன் தன் வீட்டாரை எல்லாம் கூட்டி வந்திருந்தான். அவர்கள் பாடினார்கள். கூரை அதிர்ந்தது. நாம் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். பிறகு தலைவர் பேசினார். மறைந்த பிலோமினா அக்கா உடற்பயிற்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டவர், கடும் குளிரிலும் ஊக்கம் தளராதவர், நமக்கெல்லாம் முன்மாதிரி என்றார். அவர் பெயரில் மன்றம் ஒரு நினைவுக் கிண்ணம் வழங்கும் என்று அறிவித்தார். எப்போது? ஜனவரியில், பூங்காவில், வெயிலில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடற்பயிற்சியாம். ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்கப் போனதற்கு நீங்கள் கண்டுபிடித்த பெயர் அது.

அதன்பிறகு வரிசையாக வந்து றெஜினாவின் கையைப் பிடித்தீர்கள். "அம்மா ஒரு தைரியமான மனுசி" என்றீர்கள். "ஏதும் தேவையெண்டால் சொல்லும்" என்றீர்கள். சேவியர் அண்ணர் பெட்டியின் மறுபக்கம் நின்றார். தந்தைக்கும் மகளுக்கும் நடுவில் அக்கா படுத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு றெஜினா என்னிடம் வந்தாள். நெடுநாளாக ஆங்கிலமே பேசிப் பழகியவள் அன்று தமிழில், தாயின் தமிழில் கேட்டாள். "அன்ரி, இனி சண்டேயில நான் என்ன செய்யிறது?"

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான் காரை எடுத்தேன். என் கணவர், விருந்தாளிகள் வருவார்களே என்றார். வரட்டும், சோறு குக்கரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மழைதான். வைப்பரை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையில் ஏறிப் பாலத்தைத் தாண்டி இறங்கினேன். றெஜினா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் பின்னால் வெறுமையாகக் கிடந்த பாதையையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். அவளுடைய கணவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையென்றும் பாராமல் வெளியே போய்விட்டான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன்.

அடுத்த வாரத்திலிருந்து போகிற வழியில் சேவியர் அண்ணர் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறேன். ஒரு தடவை ஹார்ன் அடிப்பேன். முதல் வாரம் அவர் வெளியே வரவில்லை. இரண்டாம் வாரம் கேட் வரை வந்து வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல கிடக்கு" என்றார். "வரட்டும்ணே. கார்தானே, ஏறுங்க" என்றேன். போன வாரம் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். "அவன் இருப்பானோ?" என்று கேட்டார். "அவர் வீடு, அவர் இருப்பாரு. உங்க பேரனும் இருப்பான். இப்ப ஓடுறான்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். நான் காத்திருக்கவில்லை. அங்கே ஒருத்தி சோற்றை மூடி வைத்துவிட்டு நிற்பாள்.

அக்கா எனக்கு என்று எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நானாக எடுத்துக்கொண்டது அவருடைய ஞாயிற்றுக்கிழமையைத்தான். விருப்பம் வருமா என்று நான் பார்ப்பதில்லை, ஜன்னலால் எட்டிப் பார்ப்பதும் இல்லை. அவர் மிதித்து மிதித்து வளர்த்த வெறுப்பிலும் ஒரு பங்கு என்னிடம் வந்திருக்கிறது, அது இந்தப் பக்கங்களில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனி உங்களில் யாருக்காவது மனம் குத்தி, கமலாவோடு சேர்ந்து ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றினால், தயவுசெய்து என்னைக் கேட்க வேண்டாம். நான் யாருக்கும் லிஃப்ட் கொடுப்பதாக இல்லை, சேவியர் அண்ணர் ஒருவரைத் தவிர. உங்கள் வாசலிலேயே கார் நிற்கிறது. பக்குரங்காவிலிருந்து கிளென்ஃபீல்டுக்குக் காரில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். அரை மணி நேரம்.